திருகை முடுக்கிவிட்டு விலகி நில்

பெரிய பைனாகுலரைக் கையில் பிடித்துப் பார்க்கக் கூடாது, சார். மூச்சு விட்டாலே ஸ்ரீரங்கம் ஆடும். அதனால்தான் எங்கள் கல்லூரி மொட்டை மாடியில் ஏ.ஆர்.பி. என்கிற விமானத் தாக்குதல் காவலுக்கு அதை வைத்தபோது, மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஜப்பான்காரன் விமானத்தைத் திருச்சியில் முதலில் பார்க்க வேண்டியது பி.ஏ. வகுப்பு. விமானம் வரவில்லை. மார்கழி வந்தது.

ஸ்டாண்டுக்கு ஒரு விதி உண்டு. சந்தேகமாக எதையாவது கண்டால், பைனாகுலர் அசையாதபடி திருகை முடுக்கிவிட்டு விலகி நிற்க வேண்டும். அடுத்து வருகிறவர் எதையும் தொடாமல் அதே இடத்தைப் பார்ப்பார். நல்ல விதிதான். முதல் ஆள் காட்ட விரும்பியதை மட்டுமே இரண்டாம் ஆள் பார்க்க முடியும் என்பது பயிற்சி கொடுத்தவருக்குத் தோன்றியிருக்காது.

யதிராஜன் என் வகுப்புத் தோழன். ஸ்ரீரங்கத்தில் தெற்குச் சித்திரை வீதியில் வீடு. காலையில் குளித்துவிட்டு மாடியில் வடக்கே பார்த்து நின்று, இடது கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு திருமண் இட்டுக்கொள்வான். அந்த வீட்டு வழக்கம் அது. கண்ணாடி ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் கல்லூரியைப் பார்த்தபடி இருக்கும். வெயில் பட்டால் மின்னும், கை சாய்ந்தால் அணையும்.

ஒரு நாள் காலை நான் பைனாகுலரை அவன் மாடிக்கு நேராக வைத்துத் திருகை முடுக்கினேன். பிறகு ஃபோகஸை ஒரு மயிரிழை கலைத்தேன். கலங்கலில் ஆள் கரைந்துபோனான். மின்னுவது மட்டும் மிஞ்சியது. கூடக் காவலிருந்த தைரியராஜைக் கூப்பிட்டேன்.

"இதுல என்னடா தெரியுது?"

"மின்னுது, அணையுது. திரும்ப மின்னுது. டேய் சௌரி, சிக்னலாடா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"நீ ஏன் சொல்லப்போறே, உங்க ஊராச்சே. நான் சொல்றேன்" என்று இறங்கி ஓடினான். ரங்கூனிலிருந்து காடு காடாக நடந்து திரும்பிய மாமா அவனுக்கு உண்டு. ஜப்பான் என்றால் அவனுக்கு வேடிக்கை இல்லை.

மறுநாள் காலை நீங்கள் வந்தீர்கள், இன்ஸ்பெக்டர் சார். "தொடாதீங்க சார், ஆடிடும்" என்றேன். நீங்கள் தொடவில்லை. யார் வீடு என்று கேட்டீர்கள், சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. பாதுகாப்புச் சட்டத்தில் அன்றைக்கே அவனைக் கொண்டுபோனீர்கள்.

காரணம் கேட்கிறீர்கள். கல்லூரி விழாவில் நான் ஒரு நையாண்டி வாசித்தேன். பிரின்சிபால் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். யதிராஜன் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் தோளில் கைபோட்டு, "நன்னாத்தான் இருந்தது சௌரி. ஆனா எல்லாரும் ஒன்னையே பார்த்துண்டு இருக்கணும்னு ஏன்டா இப்படித் தவிக்கறே?" என்றான். பரிவாகத்தான் கேட்டான். அதை யோசித்துப் பார்த்தேன். பரிவாகக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவன் அப்பா ஸ்ரீனிவாசராகவன் என் வீட்டுக்கு வந்தார். "ஒனக்குப் போலீஸ்ல பழக்கம் உண்டுன்னு சொன்னா. என் பிள்ளை குத்தம் பண்ணலைன்னு ஒரு வார்த்தை சொல்லேன்டா, கொழந்தே" என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்வதற்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

மகன் ஜெயிலில் இருக்கும்போது அந்த மாடியில் கண்ணாடி இன்னும் எப்படி மின்னுகிறது என்று பார்க்க நேற்று நீங்களே ஏறி வந்தீர்கள். இந்தத் தடவை ஃபோகஸைத் திருப்பினீர்கள். அங்கே கிழவர் நெற்றியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் திரும்பி என் நெற்றியைப் பார்த்தீர்கள்.

"ஏன் தம்பி, இது உனக்குத் தெரியாதா?"

தெரியும் சார். நானும் தினம் இட்டுக்கொள்கிறவன். தெரிந்துதான் முடுக்கினேன்.

ஜெயில் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் போய்விட்டான் என்று இப்போது சொல்கிறீர்கள். வருத்தமாக இருக்கிறது. நான் முடுக்கியது ஒரு திருகுதான். காய்ச்சல் அவனுக்குத் தானாக வந்தது. வீட்டுக்கு இன்னும் சேதி போகவில்லை என்றால் என்னை அனுப்புங்கள். கிழவர் உடைந்துபோவார், பக்கத்தில் யாராவது வேண்டும். யதிராஜனுக்கு என்னைவிட நெருங்கிய சிநேகிதன் கிடையாது.