மயில் கழுத்து நிற மூடி

பெரிதாக இருப்பதைச் சிறிதாக்கித் தருவது எனக்குக் கைவந்த வேலை. எங்கள் வீட்டில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் பெட்டி அடுக்குவது நான்தான். அம்மா அடுக்கினால் மூடவே மூடாத பெட்டி, நான் அடுக்கினால் மேலே இரண்டு துண்டு வைக்க இடம் விட்டு மூடும். அலுவலகத்தில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டு எழுதித் தரச் சொன்னீர்கள். அங்கேயும் ஏறக்குறைய இதே வேலைதான்.

என் பெயர் சிம்ரன். வயது இருபத்தாறு, ஊர் முசரவாக்கம். ஏனாத்தூர் சாலையில் பிரேம்நாத் சார் நடத்தும் அனிமேஷன் அலுவலகத்தில் இருக்கிறேன். இணையப் பக்கங்களில் ஓடும் குட்டிக் குட்டி அசைபடங்கள் செய்கிறோம். பட்டுக்கடைக்கு ஆடித் தள்ளுபடி, பள்ளிக்கூடத்துக்கு அட்மிஷன், இப்படி. இதற்கு முன் இரண்டு வருஷம் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஒரு தொழிற்சாலைக்குப் போய் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் நான். எங்கள் தெருவில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் பெண் நான்தான். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாக சார் சொல்லியிருந்தார். ஐந்து மாதம் முடிந்திருந்தது. அந்த நாற்காலி போய்விடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்த மாதம் அது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

சாயப்பட்டறைகள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்திலிருந்து எங்களுக்கு வேலை வந்தது. அந்த வருஷம் பட்டறைகளுக்குப் புதிதாக இரண்டு வகைக் கேன் வாங்கியிருந்தார்கள். ஒன்றில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர். சாயம் தோய்த்து முடித்த பாத்திரத்தில் ஆசிட் தங்கியிருக்கும், அதை முறிக்க இது. இன்னொன்றில் தரை கழுவுகிற பிளீச்சிங். இரண்டும் ஒரே அளவு வெள்ளைக் கேன், ஒட்டிய தாள் முழுக்க இங்கிலீஷ். வித்தியாசம் மூடியில்தான். சோடாவுக்குப் பச்சை, பிளீச்சிங்குக்கு நீலம். மாற்றி ஆசிட்டில் பிளீச்சிங்கை ஊற்றினால் விஷப்புகை கிளம்பும். ஆகவே எதை எங்கே ஊற்றுவது என்று காட்ட ஒரு நிமிஷப் படம் வேண்டும் என்றார்கள். எழுத்து எதுவும் வேண்டாம், எங்கள் ஆட்களுக்கு நிறம் போதும் என்று சங்கத் தலைவரே சொன்னார். அது உண்மைதான். அரக்கிலேயே ஆறு அரக்கு பிரித்துச் சொல்கிறவர்கள் அவர்கள். படத்தின் முடிவில், சந்தேகம் கேட்க, எங்கள் அலுவலக ஃபோன் எண்ணை மட்டும் வைத்தோம்.

படம் எந்தப் பழைய ஃபோனிலும் உடனே திறக்க வேண்டும், கோப்பின் அளவு நூற்றைம்பது கேபிக்கு மேல் போகக்கூடாது என்பது சங்கத்தின் நிபந்தனை. எங்கள் சீனியர் சீனிவாசன் அண்ணா முக்கி முக்கிப் பார்த்தும் முந்நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே இறங்கவில்லை. நிஜப் பட்டறையைப் புகைப்படம் எடுத்துப் பின்னால் வைத்திருந்தோம், கனமெல்லாம் அதில்தான்.

"நூத்தம்பதுக்குள்ள வரலன்னா சென்னை ஆளுங்களாண்ட குடுத்துருவாங்க. அப்புறம் இத்தினி பேரு இங்க எதுக்குமா?" என்றார் பிரேம்நாத் சார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் செய்தது மிகச் சாதாரணம். முடித்த படத்தைக் கோப்பாக வெளியே எடுக்கும்போது ஏற்றுமதி அமைப்புகள் என்று ஒரு பெட்டி திறக்கும். அதில் எல்லாப் படங்களையும் ஒரே தாளில் அடுக்கச் சொல்லி டிக் போட்டேன். பக்கத்தில் முப்பத்திரண்டு பிட் என்று இருந்ததை எட்டு பிட் என்று மாற்றினேன். எட்டு பிட் என்றால் அந்தத் தாள் முழுமைக்கும் மொத்தமாக இருநூற்றைம்பத்தாறு நிறங்கள்தான் கிடைக்கும். பெரிய இடத்தைப் பிடித்திருக்கிற சுவரும் தரையும் பாத்திரங்களும் அவற்றில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சமிருப்பதைச் சின்னச் சாமான்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மூடிகளுக்கும் சேர்த்து ஒரு நிறம் கிடைத்தது. நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் நடுவில் ஒன்று. மென்பொருள் யாரைக் கேட்டும் செய்யவில்லை, அதன் கணக்கு அப்படி.

நூற்று நாற்பத்தெட்டு கேபி வந்தது.

நிறம் மாறியதைக் கவனிக்கவில்லை என்று, இந்த விசாரணையில் நீங்கள் முதலில் கேட்டபோது சொன்னேன். கவனித்தேன். ஏற்றுமதி செய்த பிறகு படத்தை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம், அப்போதே தெரிந்தது. மூடிகளை மட்டும் தனித்தாளில் வைத்திருந்தால் சரியாகியிருக்கும். ஆனால் அளவு நூற்று அறுபதுக்குப் போயிருக்கும். வரம்புக்கு மேல் பத்து கேபி. அதற்குள் சார் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று எண்ணைப் பார்த்துவிட்டார். சீனிவாசன் அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினார். நிறத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு நானாகப் பதில் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

சங்கத்தின் கூட்டத்தில் படத்தை வெளியிட்டார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். எங்கள் அப்பா அந்தோணி, வாழ்நாள் முழுக்கப் பிறர் வயலில் வேலை பார்த்தவர், பின்வரிசையில் நின்று கைதட்டினார். எனக்கு அழுகை வந்தது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை, இப்போதும் சொல்கிறேன்.

நான்கு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு, பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டறையில் சாயம் தோய்க்கும் மயில்வாகனம் அண்ணன் இறந்துபோனார். மழைக்காலம், சாரல் அடிக்காமலிருக்க ஜன்னல்களில் பிளாஸ்டிக் கட்டியிருந்தார்கள். ஆசிட் தங்கிய பாத்திரத்தில் நீல மூடிக் கேனைச் சாய்த்திருக்கிறார். உடனிருந்தவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

செய்தி எங்கள் அலுவலகத்துக்கு மதியத்துக்கு முன்னால் வந்தது. எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் என் இடத்தில் உட்கார்ந்து முப்பத்திரண்டு பிட்டில் மறுபடி ஏற்றுமதி செய்தேன். அதே பெயரில் பழைய படத்தின் மேல் ஏற்றினேன். முந்நூற்றுத் தொண்ணூறு கேபி. விசாரிக்க வந்த அதிகாரி மறுநாள் பட்டறை ஃபோனிலேயே திறந்து பார்த்தார். பச்சை பச்சையாக, நீலம் நீலமாக இருந்தது. சட்டென்று திறந்தது என்றும் சொன்னார்கள். இன்றுவரை படம் மெதுவாக ஓடுகிறது என்று எந்தப் பட்டறையிலிருந்தும் ஒரு புகாரும் வந்ததில்லை.

என்னைக் கேட்டார்கள். படத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது என்றேன். அந்த நேரத்துக்கு அது உண்மையான பதில். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அவர் குடித்திருந்தார் என்று யாரோ சேர்த்தும் விட்டார்கள். அதை நான் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. மறுக்க எனக்கு என்ன தெரியும்?

துக்கம் கேட்க நானே போனேன். அலுவலகத்தில் யாரும் போகச் சொல்லவில்லை. அவர் மனைவி வடிவு அக்கா என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வந்தேன். அவர் கை வேலையாகவே இருக்கும், வாய் மட்டும் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்லும்.

"குடிச்சாருன்னு எழுதிட்டாங்களே சிம்ரன். சாராய வாசனையே ஆவாது அந்த மனுசனுக்கு. கடையில, கோயில்ல, எங்க போனாலும் ஜனங்க என்னிய ஒரு மாதிரி பாக்குது."

பணம் எதுவும் அவர் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. நான் என்ன செய்ய முடியும்? எடுக்க வேண்டுமானால் அந்த இடத்தில் வேறொரு பெயரை வைக்க வேண்டும். என் கையில் வேறு பெயர் ஒன்றுதான் இருந்தது. ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பக்கூடும், ஆனால் நான் தூங்கினேன். பகலில்தான் கஷ்டமாக இருந்தது.

"நீதான் கம்ப்யூட்டர்ல வேல செய்யறியேமா. எனக்கு ஒரு மனு அடிச்சுக் குடு" என்றார் ஒரு நாள்.

என் மடிக்கணினியைக் கொண்டுபோனேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். கல்யாணமான வருஷம், பட்டறையில் சேர்ந்த வருஷம், ஒருநாள்கூட லீவு போடாதது, எல்லாம் சொன்னார். "அவருக்குக் கலரு தப்பாதுமா. இருட்டுல நூலத் தூக்கிக் காட்டினாலும் சொல்லுவாரு. அன்னிக்கிக்கூட சந்தேகம் வந்து படத்துல இருந்த நெம்பருக்கு போன் போட்டுக் கேட்டாராம். ஒரு பொண்ணு பேசிச்சாம். டீ குடிக்கப் போன பசங்க சொன்னாங்க" என்றார்.

இணையத்தில் மனு ஏற்ற ஒரே பக்கம்தான் அனுமதி. சுருக்க வேண்டியிருந்தது. கல்யாண வருஷத்தை விட்டேன். லீவு போடாததை விடவில்லை, அது நல்ல வரி. ஃபோன் போட்ட வரியை எடுத்தேன். வாசித்துக் காட்டியபோது அக்கா தலையாட்டிக் கேட்டார், விட்டுப்போனது அவருக்குத் தெரியவில்லை. நம்பிக் கையெழுத்துப் போட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்" என்றார். அப்போது எனக்கு மிகவும் சங்கடமாகத்தான் இருந்தது.

அந்த மனு தள்ளுபடியானது உங்களுக்குத் தெரியும். அக்கா விடாமல் நேரில் வந்து அந்த வரியை உங்களிடம் வாயால் சொல்லியிருக்கிறார். நீங்கள் எங்கள் அலுவலக ஃபோன் பதிவை எடுத்து வைத்திருக்கிறீர்கள். அன்று காலை பத்து நாற்பதுக்கு வந்த அழைப்பு, நான்கு நிமிஷம். எடுத்தது நான்.

அவர் ரொம்பப் பணிவாகப் பேசினார். "படத்த ரெண்டு தபா பாத்தேன்மா. ஊத்தற கேனோட மூடி மயில் கழுத்துல இருக்குது. எங்ககிட்ட அந்தக் கலர்ல மூடியே இல்லியே. இங்க இருக்கறது ஒண்ணு நீலம், ஒண்ணு பச்ச. எத ஊத்தட்டும்?"

எட்டு பிட் செய்ததை அவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை. எனக்குக்கூட அந்த நிறத்துக்குப் பெயர் தெரியாது. பச்சை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் பச்சை என்று சொன்னால், அப்படியானால் படத்தில் ஏன் பச்சையாக இல்லை என்று கேட்பார். சங்கத்தில் போய்ச் சொல்வார். சால்வை போர்த்தி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. சார் எதிரே உட்கார்ந்து என் நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வேறு வழியில்லாமல் இருந்தேன்.

"படம் சரியாத்தான் இருக்குதுண்ணா. உங்க போன்ல அப்படித் தெரியுது. எதை ஊத்தினா என்ன, ரெண்டும் கழுவுற தண்ணிதான்" என்றேன்.

"படிச்ச புள்ள, நீ சொன்னா சரிதாம்மா. எனக்குத்தான் வயசாயிடுச்சு போல, கண்ணு தெரியல" என்றார். நான், பரவாயில்லைண்ணா என்றேன்.

தெரிந்தே சொன்னேன். எந்தக் கேனில் என்ன இருக்கிறது என்பது அந்த அலுவலகத்தில் என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது, படம் வரைந்தவளே நான்தான். அவர் பச்சையை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், மனசு லேசாக இருக்கிறது. எழுதிப் பார்த்தால் ஐந்து பக்கம் வந்திருக்கிறது. உங்கள் படிவத்தில் நான்கு பக்கத்துக்குத்தான் இடம் என்று இங்கே இருக்கும் எழுத்தர் சொன்னார். அதனால் ஒன்றும் சிரமமில்லை, நானே சுருக்கித் தருகிறேன். மயில்வாகனம் அண்ணன் ஃபோன் செய்த பகுதியை மட்டும் எடுத்துவிட்டால் சரியாக அடங்கிவிடும்.