உள்பக்கத் தாழ்ப்பாள்

நர்ஸ்: புதுக் கட்டு போட்டாச்சு ஐயா. உங்க சம்சாரத்தோட கால் புண் நல்லா ஆறிட்டு வருது.

தையல்காரர்: அப்ப கிளம்புங்க சிஸ்டர். மெதுவா… அவ தூங்கறா.

நர்ஸ்: விரட்டறீங்களே!

தையல்காரர்: முன்னால வந்த சிஸ்டருங்க கட்டு போட்டமா, கையைக் கழுவினமான்னு போயிடுவாங்க. நீங்க போன வாரமும் சரி, இன்னைக்கும் சரி… வீட்டையே கண்ணால அளவெடுக்கறீங்க. டேப் இல்லாம நான்கூட அளவெடுக்க மாட்டேன்.

நர்ஸ்: உங்க பிழைப்புல கை வைக்க மாட்டேன், பயப்படாதீங்க. மெஷின் கிட்ட கத்தரிக்கோலையே காணோமே?

தையல்காரர்: பூட்டி வச்சிருக்கேன்.

நர்ஸ்: எதுக்கு?

தையல்காரர்: துரு பிடிக்கும்.

நர்ஸ்: பூட்டினா பிடிக்காதா?

தையல்காரர்: …டாக்டரை வரச் சொல்லுங்க. அவர் கேட்டா பதில் சொல்றேன்.

நர்ஸ்: அவர் கையெழுத்துதான் போடுவார். அம்மா இந்த வீட்டுல இருக்கலாமா கூடாதான்னு எழுதறது இப்ப நான்தான்.

தையல்காரர்: அப்படிச் சொல்லுங்க! அவளை முதியோர் இல்லத்துல சேர்க்கணும்… எதிர்வீட்டம்மா போட்டுக் குடுத்தாளா?

நர்ஸ்: யார் சொன்னாங்கன்னு இப்ப கேக்காதீங்க. காலையில இங்க சத்தம் கேக்குமாமே?

தையல்காரர்: அவ பதிகம் பாடற சத்தம். ஆறு பாட்டு வரைக்கும் ஒரு எழுத்து பிசகாது.

நர்ஸ்: ஏழாவது?

தையல்காரர்: …மறந்துடும்.

நர்ஸ்: மறந்தா?

தையல்காரர்: கொஞ்சம் கோவிச்சுக்குவா. ஏன், நான் அவளை அடிக்கிறேன்னு சொன்னாங்களா? அவ மேல ஒரு கீறல் காட்டுங்க பார்ப்போம்!

நர்ஸ்: தலையிலேருந்து கால் வரைக்கும் பார்த்துட்டேன். அந்தக் கால் புண்ணைத் தவிர ஒண்ணுகூட இல்ல.

தையல்காரர்: அப்புறம் என்ன சந்தேகம்?

நர்ஸ்: பக்கத்து ரூம்ல புதுத் தாழ்ப்பாள்.

தையல்காரர்: போச்சுடா… அவளை அடைச்சு வைக்கறேன்னு எழுதிக்குங்க.

நர்ஸ்: அடைச்சு வைக்கறவங்க வெளியில போடுவாங்க. இது உள்பக்கமா இருக்கு. உங்க படுக்கையும் அந்த ரூம்லதான் இருக்கு.

தையல்காரர்: …காத்துக்குக் கதவு அடிச்சுக்கும்.

நர்ஸ்: இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை?

தையல்காரர்: தையல்காரன் சட்டை போட்டா குத்தமா?

நர்ஸ்: மூக்குக்கண்ணாடியோட உடைஞ்ச காலை நூலால கட்டியிருக்கீங்க. இடது கையால தண்ணி குடிக்கறீங்க. வலது கையை நீட்டுங்க ஐயா.

தையல்காரர்: வேண்டாம்…

நர்ஸ்: நீட்டுங்க.

தையல்காரர்: சிஸ்டர், உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், இதை எழுதிடாதீங்க. ஆறு பாட்டு வரைக்கும் அவ என் பொண்டாட்டி. அப்புறம்… யாரோ திருடன் வீட்டுக்குள்ள பூந்துட்டான்னு கையில கிடைச்சதை எடுப்பா. பாவம், அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா உயிரை விட்டுடுவா. அவளைக் கொண்டுபோயிடாதீங்க…

நர்ஸ்: இந்தப் பேப்பர்ல நோயாளின்னு போட்ட இடத்துல யார் பேரு இருக்கு, படிங்க.

தையல்காரர்: இது… என் பேரு! யார் குடுத்தா?

நர்ஸ்: போன வாரம் நீங்க வெந்நீர் எடுக்கப் போனப்போ, அம்மா அஞ்சாம் பாட்டோட நிறுத்திட்டு என்கிட்ட ரகசியமா சொன்னாங்க: “என் கால் கிடக்கட்டும்டி. அந்த மனுஷன் வலியை வெளியில காட்ட மாட்டார், கையைப் பாரு. நான்தான் ஏதோ பண்ணியிருக்கேன்… எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேண்டாம்.” நாளையிலேருந்து ஏழாம் பாட்டுக்கு முன்னாடி துணைக்கு ஓர் ஆள் வருவாங்க. அம்மா எங்கயும் போகல. இப்பவாவது கையைக் குடுங்க ஐயா.