தண்ணிக்கும் கண்வலி

அக்கா: தண்ணிக்குக் கண்வலியா, டாக்டர்? நல்லாப் பாருங்க.

டாக்டர்: பாத்துப் பாத்து என் கண்ணே பூத்துப் போச்சுக்கா. முதல் சோதனைக் குழாய், ஒப்பிட்டுப் பாக்க வச்ச வெறும் தண்ணி… அதுல வைரஸ் காட்டுது.

அக்கா: மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?

டாக்டர்: நமக்குப் பிடிக்காம இருந்தாச் சரி. நடுவுல இருக்கறதெல்லாம் நோயாளிங்க கண்ணுல எடுத்தது. எல்லாத்துலயும் ஒரே வைரஸ். கண்வலியில வழக்கமா வர்ற அடினோ வைரஸ் இல்ல… என்டரோ வைரஸ்.

அக்கா: அப்போ கண்டுபிடிச்சாச்சே!

டாக்டர்: எங்க? தண்ணியில ஒண்ணுமே காட்டக் கூடாது. அதுலயும் காட்டினா, இது ஊர்ல பரவுற நோயா, நம்ம மேசையில ஒட்டின அழுக்கான்னு எப்படிச் சொல்றது?

அக்கா: அதுக்குத்தானே கடைசியிலயும் ஒரு தண்ணி வைக்கிறோம்? அது…

டாக்டர்: அதுலயும் இருக்கு.

அக்கா: இருக்காது… ம்… இருக்குமோ?

டாக்டர்: என்னக்கா இழுக்கறீங்க?

அக்கா: ஒண்ணுமில்ல. கண் வார்டுலேருந்து மறுபடி போன். எடுக்கவா?

டாக்டர்: எடுத்து என்ன சொல்றது? அங்க பிள்ளைங்க கண்ணத் திறக்க முடியாம அழுவுது. வெளிய ஆளாளுக்குக் கடையில கெடச்ச சொட்டு மருந்த ஊத்திக்கறாங்க. என்ன வைரஸ்னு சொல்லுங்கன்னு கெஞ்சறாங்க. தப்பாச் சொல்லிட்டா?

அக்கா: சரி, தண்ணி பாட்டில், சோதனை மருந்து, எல்லாத்தையும் கொட்டிட்டு முதல்லேருந்து… அட, கண்ணக் கசக்காதீங்க!

டாக்டர்: தூசி.

அக்கா: காலையிலேருந்து உங்களுக்கு மட்டும் விழற தூசியா?

டாக்டர்: நீங்க மட்டும் ரூமுக்குள்ள கறுப்புக் கண்ணாடி…

அக்கா: தலைவலின்னு சொன்னேன்ல! பேச்ச மாத்தாதீங்க. அந்த பாட்டில எடுங்க.

டாக்டர்: கொட்டாதீங்கக்கா… தண்ணி மேல தப்பில்ல. முதல் குழாயில தண்ணியே இல்ல.

அக்கா: பின்ன?

டாக்டர்: என் கண்ணு.

அக்கா: என்னது!

டாக்டர்: சொன்னா வீட்டுக்குத் துரத்திடுவாங்க. அப்புறம் யார் இதப் பாக்கறது? மெஷின்ல வேற இடமும் இல்ல. கடைசியில ஒரு தண்ணி இருக்கே, அது போதும்னு…

அக்கா: அடப்பாவி! என்னைக் கிறுக்கியா ஆக்கிட்டீங்களே!

டாக்டர்: தப்புதான், திட்டுங்க. ஆனா கடைசிக் குழாயில நான் கை வைக்கல. அது நீங்க வச்ச தண்ணி. அதுல எப்படி…? அக்கா? எதுக்குக் கண்ணாடியக் கழட்டறீங்க? ஐயோ, என்னக்கா இப்படிச் செவந்து கெடக்கு!

அக்கா: முதல் குழாயில ஒரு தண்ணி இருக்கே, அது போதும்னு நானும் நெனச்சேன், டாக்டர்.