போட்டுப் பாக்காம கிடையாது

கழட்ட மாட்டேன் பிரான்ட் சார். அந்த போர்டு அங்கேயேதான் தொங்கும். மாலுக்கு மேனேஜர் நீங்க, கடையக் காலி பண்ணச் சொன்னா பண்றேன். ஆனா போட்டுப் பாக்காம ஒருத்தருக்கும் இங்க கோட்டு கிடையாது.

என்ன புகாராம், கோட்டு வாங்க வந்த அந்த மனுஷனுக்கு? கத்தினேனா? ஆமா, கத்தினேன். நாப்பத்திரெண்டு சைஸு, பையில போடுன்னாரு. சார், இதெல்லாம் அறுபது வருஷத்துப் பழைய கோட்டு. முன்னாடி போட்டவன் இடுப்பப் பிடிச்சிருப்பான், கைய ஏத்தித் தச்சிருப்பான். காலர்ல நாப்பத்திரெண்டுன்னு இருக்கும், முப்பத்தெட்டுதான் நுழையும். ட்ரயல் ரூம் ரெண்டெட்டு தள்ளி இருக்கு, லைட்டும் கண்ணாடியுமா. அதுக்குள்ள போய்ட்டு வர துரைக்கு நேரமில்லையாம்.

வியாபாரம் போகும்னா போகட்டும். நீங்க சொல்றது எனக்கும் புரியுது. நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க.

எங்கப்பா லெமுவெல், பால்டிமோர்ல பஸ் கழுவுற வேலை. சர்ச்சில டீக்கனா, பாதிரியாருக்கு ஒத்தாசையா, ஆக்குறாங்கன்னதும் கோட்டு வாங்கக் கிளம்பினாரு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டுல. கறுப்பு ஆளுங்க நாங்க கடைக்குள்ள போகலாம், காசு குடுக்கலாம், போட்டு மட்டும் பாக்கக் கூடாது. சரியில்லேன்னா திருப்பியும் வாங்க மாட்டாங்க. அதனால எங்கம்மா ஒரு நூலெடுத்து, தோளுக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒரு முடிச்சுன்னு போட்டுக் குடுத்தாங்க. அவரு நூலக் கோட்டு மேல வச்சுப் பாத்து வாங்கிட்டு வந்தாரு. முதுக அளக்கணும்னு அம்மாவுக்குத் தோணல.

முதுகு அப்படியே இறுக்கிப் பிடிச்சுது. சர்ச்சில பாட்டு ஏறினா எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்குவாங்க, அவரு மட்டும் விறைச்சு நிப்பாரு. கல்லு டீக்கன்னு பேரு வச்சாங்க. நானும் சேந்து சிரிச்சிருக்கேன் சார். இருபத்தாறு வருஷம், ஞாயித்துக்கிழமை தவறாம அதே கோட்டு. கடைசில சவப்பெட்டியில வைக்கறப்ப, அடக்கம் பண்றவரு பின்பக்கத்தக் கழுத்துலேந்து கீழ வரைக்கும் கத்திரியால வெட்டினாரு. பொணத்துக்கு மாட்டி விட எல்லாருக்கும் அப்படித்தான் செய்வாங்களாம். அன்னிக்குத்தான் அது அவருக்கு அளவாச்சு.

எந்தக் கடைன்னா கேக்கறீங்க? மாலாகறதுக்கு முன்னாடி இதே இடத்துல இருந்த கடைதான். நீங்க சாஞ்சுக்கிட்டு நிக்கிறீங்களே, அந்த ட்ரயல் ரூம் கதவு. அது மட்டும் அப்போ போட்டது. நான் மாத்தல.