நாலு விரல் இறக்கம்

...கேட்டா, "அப்பவே சொன்னேனே அண்ணே"ங்கறான் சார் இந்த மெக்கானிக்! சொன்னானாம்ல? சொன்னா நான் கேட்டுருவேனா? என்னப் பாத்தா சொல்றதக் கேக்கற ஆள் மாதிரியா இருக்கு?

அட, அந்த நாற்காலியில உக்காராதீங்க, ஒரு கால் ஆடும். எனக்கு எப்படித் தெரியுமா? நான்தான் இவனுக்கு வித்தேன். பழைய ஆபீஸ் சாமான் வாங்கி விக்கறதுதான் நமக்குத் தொழில். கைக்கு வர்ற பொருள் எதுவானாலும் வெள்ளைப் பெயிண்ட்ல நம்பர் போட்டுருவேன்... பாருங்க, நாற்காலி முதுகுல முப்பத்தொண்ணு. இந்தப் பக்கம் வாங்க. பெட்டியக் கீழ வைங்க, கனமா இருக்கும் போல.

வாசல்ல சிவப்பா ஒண்ணு தரைய மோந்து பாத்துக்கிட்டு நிக்குதே, அது நம்ம வண்டிதான். ஸ்போர்ட்ஸ் கார்! சும்மா இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. நமக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. நாலு விரல் எறக்கினா சிறுத்தை மாதிரி இருக்கும்னு எவனோ சொன்னான். இப்ப சிறுத்தை மாதிரியா இருக்கு? வயித்து வலிக்காரன் குப்புறப் படுத்த மாதிரி இருக்கு.

இவன் அன்னிக்கு என்ன சொன்னான்? "அண்ணே, குட்டை ஸ்பிரிங் போட்டா அதுக்கேத்த ஷாக் அப்சார்பரும் சேத்துப் போடணும். கம்பெனி ஷாக் பழைய உயரத்துக்குச் செஞ்சது. நின்ன எடத்துலயே பாதி அமுங்கிக் கெடக்கும். பள்ளத்துல எறங்கினா அமுங்க எடமில்லாம நங்குனு இடிக்கும்"னான். எனக்கு என்ன கேட்டுச்சு? "இன்னும் நாலு சாமான் உன் தலையில கட்டப்போறேன்"னு கேட்டுச்சு. நானே ஊர் தலையில கட்டறவன், என்கிட்டயேவா? ஸ்பிரிங் மட்டும் போடு, ஷாக் அப்படியே இருக்கட்டும்னேன். கூலியிலயும் பாதியக் கொறச்சேன். எப்படிக் கொறச்சேன்ங்கறீங்க? அது பெரிய சாமர்த்தியம் சார், அப்புறம் சொல்றேன்.

ஒரு மாசம் ஓட்டினேன். என்ன சொகம்ங்கறீங்க! ரோட்டுல எறும்பு செத்துக் கெடந்தா ஆணா பொண்ணான்னு முதுகெலும்பு சொல்லிரும். எங்க அபார்ட்மெண்ட் சரிவுல ஏறறப்போ அடிவயிறு கரகரன்னு தேயும். மூணாவது மாடிக்காரர் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "வந்துட்டீங்களா?"ம்பார். அவ்வளவு அக்கறை!

அப்புறம் ஒரு நாள் வேகத்தடை. பக்கத்துல என் சம்சாரம். நங்குன்னுச்சு. "அம்மா"ன்னா. அவ்வளவுதான்... மறுநாள் அவளால எந்திரிக்க முடியல. முதுகுத்தண்டு. டாக்டர் சொல்றாரு, "ஏற்கெனவே தேய்ஞ்சுதான் இருந்துச்சு, உங்க வண்டி மட்டும் காரணமில்ல"ன்னு. அந்த 'மட்டும்'ங்கறது இருக்குல்ல சார்... சரி விடுங்க.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இன்னிக்கு மூணு மணிக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க. முதல்ல நாளைக்குன்னுதான் சொன்னாங்க. அஞ்சு நாள் இருக்கணும்னாங்க. நான் விடுவேனா? பேசிப் பேசி நாலாக்கினேன். அந்த நர்ஸம்மா கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க.

என் சம்சாரம் என்ன சொல்லிட்டா தெரியுமா? "வண்டியப் பழையபடி ஒசத்திக்கிட்டு வந்தா உங்ககூட வரேன். இல்லாட்டி எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்." மச்சான் இருக்கானே, மாடு மாதிரி ஒரு வண்டி வச்சிருக்கான், ஒசரமா. ரெண்டு மணிக்கே வந்து நிப்பான். தங்கச்சிய ஏத்திக்கிட்டு என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பான் பாருங்க... அங்க போனா எப்ப திரும்பி வருவாளோ. வருவாளோ என்னவோ.

காலையில ஓடி வந்து பழைய ஸ்பிரிங்க மாட்டுடான்னேன். "ரெண்டு மணி நேரத்துல மாட்டிரலாம். பழைய ஸ்பிரிங் எங்க அண்ணே?"ங்கறான். எங்கயா? சொன்னேனே, கூலியில பாதியக் கொறச்ச சாமர்த்தியம்... அந்தப் பழைய ஸ்பிரிங்கத்தான் சார் இவன்கிட்டயே தள்ளி விட்டேன். "பாதிக் கூலிக்கு ஈடா நீயே வச்சுக்க"ன்னு பெரிய மனசு பண்ணிக் குடுத்தேன். நேத்து இவன் இல்லாதப்ப கடைப் பையன் யாருக்கோ வித்துட்டானாம். கம்பெனியில சொல்லி வாங்க பத்து நாளாகுமாம்.

ஏன் சார் பெட்டிய அந்தப் பக்கம் தள்றீங்க? ...இருங்க. பெட்டி ஓட்டை வழியா என்னமோ வெள்ளையா... மூணு. அதுக்குப் பக்கத்துல நாலு. அது என் கையெழுத்து சார், என் பழைய ஸ்பிரிங்! என் நாலு அப்படித்தான், நாற்காலி மாதிரி கால் வச்சிருக்கும்!

உக்காருங்க சார், எங்க எந்திரிக்கறீங்க? உங்களுக்கும் இதே வண்டியா? நல்லது, ரொம்ப நல்லது... பத்து நாள் பொறுத்து மாட்டிக்கலாம்ல? நான் பேரமே பேசமாட்டேன். சத்தியமா. வெலையச் சொல்லுங்க. என்ன, ரெண்டு விரலு? வாங்கின வெலைக்கு ரெண்டு மடங்கா? யோவ், இது பகல் கொள்ளைய்யா! நான் பாதிக் கூலிக்குக் குடுத்த சாமான என்கிட்டயே...

இருங்க, போன்.

...ஆமாம்மா. கெளம்பிட்டே இருக்கேன்... உங்க அண்ணன் இப்பவே வந்துட்டாரா? உக்காரச் சொல்லு... ஒசத்தியாச்சு, ஒசத்தியாச்சு... இல்லம்மா, குலுங்காது. மெதுவாத்தான் ஓட்டுவேன்... வலி இருக்கா? ...ம். ...போயிடாத. வரேன்.

சரிங்க. ரெண்டு மடங்கு. குடுங்க.

...பெட்டியும் சேத்துத்தானே?