சத்தம் வந்தால் நிற்காதே

கார் பார்க்க வருகிறவர்கள் முதலில் கதவைத்தான் சாத்திப் பார்ப்பார்கள், மேடம். 'டொப்' என்று கனமாக மூடிக்கொண்டால் முகத்தில் ஒரு திருப்தி வரும். தகர டப்பா மாதிரி சத்தம் வந்தால், இன்ஜின் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் போச்சு. அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

நான் பத்தொன்பது வருஷமாக அவர்கள் காதுக்குத்தான் வேலை பார்க்கிறேன். இப்போது வருகிற கார்களை அவ்வளவு இறுக்கமாக அடைத்துவிடுகிறார்கள், இன்ஜின் சத்தம் உள்ளேயே வராது. ஆனால் சத்தமே இல்லாவிட்டால் ஓட்டுகிறவருக்கு வண்டியில் உயிர் இல்லாத மாதிரி இருக்கிறது. அதனால் நாங்கள் சத்தத்தைத் தனியாகச் செய்து ஸ்பீக்கர் வழியாகக் கொடுக்கிறோம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் உறுமுகிறதே, அதில் பாதிக்கு மேல் எங்களைப் போன்றவர்கள் ஒரு அறைக்குள் உட்கார்ந்து செய்தது. உங்கள் காரிலும் அப்படித்தான் இருக்கும். இதை யாரும் ஏமாற்று வேலை என்று சொல்வதில்லை. எனக்கு இரண்டு தடவை விருதுகூடக் கொடுத்திருக்கிறார்கள்.

பாப்பு என் ஒரே மகள். இருபத்தாறு வயதாகியும் எனக்குப் பாப்புதான். கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கிற வேலை. அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவள் அப்பா வேறு ஊரில் வேலை கிடைத்தது என்று கிளம்பினார். வாரா வாரம் வந்துவிடுகிறேன் என்றார். வாரா வாரம் என்பது மாதா மாதம் ஆயிற்று, பிறகு போன் மட்டும், பிறகு அதுவும் இல்லை. அங்கே அவருக்கு இன்னொரு வீடு இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

போன வருஷம் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பாப்பு சிரித்துக்கொண்டே குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அம்மா, பெரிய ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. மூணு மணி நேர தூரம்தான். கார் இருக்குல்ல, வாரா வாரம் வந்துடுவேன்."

அதே வார்த்தை, அதே சிரிப்பு.

"மூஞ்சிய ஏன் உம்முன்னு வச்சுக்கிற? செவ்வாய் கிரகத்துக்கா போறேன்?" என்று என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். நானும் சிரித்து வைத்தேன். அந்தக் காரை என் கம்பெனிச் சலுகையில் வாங்கிக் கொடுத்ததே நான்தான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பயம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் பயந்தவர்களைத்தான் பார்க்கிறீர்கள். சாப்பாடு இறங்காது. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால்கூடத் திடுக்கென்று இருக்கும். அவள் அறை காலியாக இருப்பது போல அடிக்கடி தோன்றும். போய்ப் பார்த்தால் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பயம் இல்லை, எனக்குத்தான் இருந்தது. அதைக் கொஞ்சம் அவளுக்கும் பகிர்ந்து கொடுத்தேன், அவ்வளவுதான்.

முதலில் செய்தது சின்ன வேலை. ஸ்டியரிங்குக்குக் கீழே லேப்டாப் ஒயரைச் சொருக ஓர் இடம் இருக்கிறது. அறுபதில் போனால் நூறில் போகிற மாதிரி கேட்கும்படி உறுமலைக் கூட்டி வைத்தேன். பெற்றவள் யாராக இருந்தாலும், கைவசம் அந்த வித்தை இருந்தால், அதைச் செய்வாள். ஒரு வாரம் மெதுவாகத்தான் போனாள். "அம்மா, உங்க கம்பெனி கார் சளி பிடிச்ச மாதிரி கத்துது" என்று கேலி செய்தாள். பிறகு பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு பழையபடி பறந்தாள். புது வேலையில் சேர ஆறு வாரம்தான் பாக்கி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை எங்கள் ஒலிப்பதிவு அறை காலியாக இருந்தது. கழித்துப் போட்ட பழைய கார் பானெட் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தேன். முதலில் தலையணையைப் போட்டுப் பார்த்தேன், அது தலையணையாகவே கேட்டது. மணல் மூட்டை போட்டால் கல் விழுந்த மாதிரி இருந்தது. கடைசியில் துணிகளை நனைத்து, ஈரக் கம்பளியில் சுற்றி, ஓர் ஆள் கனத்துக்குக் கட்டி, ஏணி மேல் நின்று தள்ளிவிட்டேன். ஏழாவது தடவை சரியாக வந்தது. ஒரு மோதல், உடனே அடியில் ஏதோ உரசிக்கொண்டு புரளுகிற சத்தம். திரும்பப் போட்டுக் கேட்டபோது எனக்கே கை சில்லிட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வேலை நன்றாக அமைந்தால் எனக்கு எப்போதும் கை சில்லிடும், மேடம்.

அதை ஓட்டுகிறவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பீக்கரில் வைத்தேன். ஐம்பதுக்கு மேல் போனால்தான் வரும், அதுவும் நாலைந்து நாளைக்கு ஒரு தடவை. தினமும் கேட்கிற சத்தத்தைக் காது தள்ளிவிடும். வீட்டில் இரண்டு சாவி. எந்தச் சாவி என்று பார்த்து சீட்டை முன்னே பின்னே தள்ளி வைக்கிற கார் அது. பாப்புவின் சாவிக்கு மட்டும் வரும்படி செய்தேன்.

முதல் தடவை கேட்ட அன்று வெள்ளைத்தாள் மாதிரி முகத்தோடு வந்தாள். யாரையோ அடித்துவிட்டேன் என்று இறங்கி, காருக்கு அடியில் குனிந்து பார்த்து, வந்த வழியிலேயே அரை மைல் நடந்து தேடியிருக்கிறாள். முழங்காலெல்லாம் சேறு. "யாரும் இல்லம்மா. ஆனா நான் அடிச்சேன். எனக்குத் தெரியும்" என்று நடுங்கினாள். நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பத்து வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் பக்கத்தில் வந்து படுத்தாள். மறைக்க விரும்பவில்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

பிறகு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். மெக்கானிக்கிடம் என் சாவியைக் கொடுத்தேன். அவர் காரைத் தூக்கி வைத்துப் பார்த்தார், நாற்பது மைல் ஓட்டியும் பார்த்தார். "தங்கம் மாதிரி இருக்கு வண்டி. மனசுலதான் ஏதோ போட்டுக் குழப்பிக்கிறீங்க" என்று அவளிடம் சொன்னார். நல்ல மனிதர், காசு வாங்கவில்லை.

ஒரு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே வந்தது. தூக்கிவாரிப் போட்டதில் பிரேக்கை அழுத்தினாள்.

"அம்மா! கேட்டுச்சுல்ல?"

"எதுடி?"

அவள் என்னையே பார்த்தாள். நான் முன்னால் இருந்த சாலையைப் பார்த்தேன். இவ்வளவையும் செய்ததில் கஷ்டமான இடம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு எளிதாகிவிட்டது.

புது வேலையைத் தள்ளிப் போட்டாள். இரண்டாம் தடவையும் தள்ளிப் போட்டாள். ஆனால் பாப்பு சும்மா உட்காருகிறவள் இல்லை, அவளே ஒரு மனநல டாக்டரைத் தேடிப் பிடித்தாள். காது பரிசோதனை, தலை ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். டாக்டர் என்னையும் கூப்பிட்டு, "பக்கத்துல இருந்தப்ப உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சாம்மா?" என்றார். இல்லை டாக்டர் என்றேன். பாப்பு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அப்படி ஒரு வியாதி நிஜமாகவே இருக்கிறதாம். யாரையாவது அடித்துவிட்டோமோ என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பார்களாம். பார்க்கப் பார்க்க வியாதி வளருமாம். அதனால் டாக்டர் ஒரு பயிற்சி கொடுத்தார். "சத்தம் வந்தா நிக்காதீங்க. கண்ணாடியில பார்க்காதீங்க. இருபது வரைக்கும் எண்ணிக்கிட்டே போயிட்டே இருங்க." அவர் மேல் நான் தப்புச் சொல்ல மாட்டேன். அவருக்குச் சொல்லப்பட்டதை வைத்து அவர் வைத்தியம் செய்தார்.

பாப்பு கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே அதைப் பழகினாள். முதலில் ஐந்து எண்ணுவதற்குள் நின்றுவிடுவாள். பிறகு பத்து. ஒரு தடவை இருபதை எட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எலும்பும் தோலுமாகிவிட்டாள். பெற்ற வயிறு, பார்க்க முடியவில்லை. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போயிருந்தபோது கீழே போய்ச் சத்தத்தை எடுத்துவிட்டேன். எனக்கும் இரக்கம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். அதற்கு முந்தின நாள்தான், "நான் போகலம்மா. இப்படி இருக்கிறவ அங்க தனியா என்ன பண்ணுவேன்?" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று எழுதிப் போட்டிருந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். நான் யோசித்துப் பார்க்கவில்லை.

எடுத்ததை அவளிடம் எப்படிச் சொல்வது? தானாகக் குணமானதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை அவளுக்குக் காலை முறை. தூறலாக இருந்தது. விடிந்தும் விடியாத மாதிரி வெளிச்சம். ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இருந்து போன் செய்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அம்மா, இன்னைக்கும் கேட்டுச்சு. இதுவரைக்கும் இப்படிக் கேட்டதே இல்ல. ஸ்டியரிங்கே அதிர்ற மாதிரி இருந்துச்சு. நான் நிக்கலம்மா! கண்ணாடியிலகூடப் பார்க்கல. இருபது வரைக்கும் எண்ணிட்டேன். ஜெயிச்சுட்டேம்மா!"

காரில் அந்தச் சத்தம் இல்லை, மேடம். நான்கு நாள் முன்பே எடுத்துவிட்டேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எந்த இடம் என்று கேட்டேன். பேக்கரி தாண்டி, பாலத்துக்கு முன்னால் என்றாள். "கெட்டிக்காரிடி நீ. போ, போய் வேலையைப் பாரு" என்றேன்.

ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினேன். அதை நீங்கள் என் போனில் பார்த்திருப்பீர்கள். மணி அடிக்கும் முன்னால் வைத்துவிட்டேன். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும், அவளுக்கும் தெரிந்துவிடும். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய துண்டும் எடுத்துக்கொண்டு டாக்ஸியில் அதே வழியாகப் போனேன். பேக்கரி தாண்டியதும் சாலையில் ஒரு ஷூ கிடந்தது. பள்ளத்தில் சைக்கிள் சக்கரம் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. டாக்ஸியின் ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏற்றிவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொன்னேன் டிரைவரிடம். எனக்குக் காது கொஞ்சம் கூர்மை.

ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்தில் இருந்தேன். முன்விளக்கின் ஓரம் உடைந்திருந்தது. துடைக்க வேண்டியதைத் துடைத்தேன். மழையும் உதவியது. பாப்பு மேலே யாருக்கோ எழுத்து அட்டையைக் காட்டி வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள்.

குப்பை வண்டிக்காரர்கள் ஒன்பது மணிக்கு அந்தச் சைக்கிள்காரரைப் பார்த்தார்கள் என்றும், அப்போதும் உயிர் இருந்தது என்றும், ஒரு மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் சொன்னீர்கள். பேக்கரியில் ராத்திரி வேலை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவராம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவர் மனைவி என்று காவலர் சொன்னார். வரும்போது அந்த அம்மா எனக்கு நகர்ந்து இடம் கொடுத்தார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே உட்கார வைத்து விசாரிக்கிறீர்களே, பாப்பு சொல்வதை நீங்கள் யாரும் நம்பவில்லை. சத்தம் மட்டும்தான் என்று நினைத்தேன் என்கிறாள், நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். அவள் பொய் சொல்லவில்லை. அதற்காகத்தான் நானாக வந்தேன். அந்த ஏழு பதிவுகளும் என் அலுவலக லேப்டாப்பில் இருக்கின்றன, எடுத்துப் போட்டுக் கேளுங்கள். பெண்கள் சிறை இந்த ஊரில் இல்லையாமே. நான்கு மணி நேரப் பயணமாம். அவ்வளவு தூரத்துக்கு அவளை அனுப்ப என்னால் முடியாது.

நான் வைத்தது ஒரு சத்தம். யாரையும் நான் தொட்டதுகூட இல்லை. துடைத்தது தப்பு, போன் செய்யாதது தப்பு, ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமா? காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சத்தத்தை வைத்தது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். வியாதி என்றே இருக்கட்டும். தெரிந்தால் குழந்தை பயந்துவிடுவாள், மேடம். அப்புறம் ஆறுதலுக்கு யாரிடம் போவாள்? என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?