அம்மை போட்ட தட்டுகள்

தினமும் காலையில் இரண்டு முட்டை சாப்பிடுவது என் வழக்கம். வேகவைத்து, உப்புத் தொட்டு, ரொட்டியோடு. வைத்தியர் ஒன்று போதும் என்கிறார். அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதனிடமிருந்து எதையெல்லாம்தான் பறிப்பார்களோ.

உட்காருங்கள், தேநீர் ஊற்றுகிறேன். நீங்கள் கொண்டுவந்திருக்கும் தட்டு பக்கத்து வீட்டு எர்மத் செய்தது. இந்த ரிஷ்தான் ஊரில் மாதுளைப் பூவை வேறு யாரும் இவ்வளவு அழகாக வரைவதில்லை. வாங்கும்போது குறையில்லாமல் இருந்தது. சுவரில் மாட்டினீர்கள். ஒருநாள் ‘டப்’பென்று நீல மெருகு தெறித்து, அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்துவிட்டது. அப்படித்தானே? எல்லாருக்கும் அப்படித்தான்.

எர்மத் வீட்டைப் பூட்டிக்கொண்டு இன்று காலைதான் கோக்கந்துக்குப் போனான். நீங்கள் தூரத்து ஊர்க்காரர், மறுபடி வரப்போவதில்லை. அதனால் சொல்கிறேன். காரணம் நான்தான்.

நானும் குயவன்தான். எங்கள் ஊரில் தட்டை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். நல்ல தட்டு மணி மாதிரி ஒலிக்கும். நான்கு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில், புலாவ் பரிமாறிய, நான் செய்த தட்டை எர்மத் சுண்டினான். குனிந்து காதை வைத்துக் கேட்டான்.

“டேய் சோலி, இதுக்குச் சளி பிடிச்சிருக்குடா. வெந்நீர் குடு.”

நூறு பேர் சிரித்தார்கள். முல்லாகூடத் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை.

மறுநாள் முட்டை ஓட்டைக் குப்பையில் போடப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். களிமண்ணில் சுண்ணாம்புத் துணுக்கு கலந்திருந்தால் சூளையில் ஒன்றும் தெரியாது. தட்டு பளபளவென்று வெளியே வரும். அப்புறம் அந்தத் துணுக்கு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்து உள்ளேயே உப்பும். ஒருநாள் தெறிக்கும். முட்டை ஓடும் சுண்ணாம்புதானே. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் எர்மத் வீட்டில் களிமண்ணைச் சலித்து ஊறப்போட்ட தொட்டி. வெள்ளிக்கிழமை அவன் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு பிடி நொறுக்கித் தூவினேன். ஒரு விளையாட்டுக்குத்தான். ஒரே தடவை.

மூன்றாம் மாதம் தட்டுகள் திரும்பிவரத் தொடங்கின. அதுவரை என் வாசலை மிதிக்காத எர்மத், இதோ இந்த இடத்தில் உட்கார்ந்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“சோலி, நான் எங்கடா தப்புப் பண்றேன்?”

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பேசினோம். சூளையைப் பற்றி, விறகைப் பற்றி, இறந்துபோன என் மனைவியைப் பற்றிக்கூட. மறுநாளும் வந்தான். தட்டு திரும்பி வராத மாதங்களில் மட்டும் வரமாட்டான். ஆகவே நான் தொடர்ந்து முட்டை சாப்பிட்டேன்.

அவனுக்குக் களிமண் சலித்துப் பிசைந்து கொடுப்பவள் மகள் ஹிலோலா. அப்பனைவிட நல்ல கை. ஒருநாள் விரலில் குத்திய எதையோ உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் வந்தாள்.

“சோலி மாமா, எங்க வீட்ல கோழியே கிடையாது. இந்த முட்டை ஓடு எப்படி வந்துச்சு?”

“காக்கா போட்டிருக்கும்மா.”

“காக்கா நொறுக்கித் தூவுமா மாமா?”

புத்திசாலிப் பெண். அன்று மாலையே எர்மத்திடம் பேசினேன், வருத்தத்தோடுதான்.

“கோவிச்சுக்காதே. பொண்ணு சரியா சலிக்கிறதில்ல. கேட்டா முட்டை ஓடு, யாரோ போட்டாங்கன்னு கதை சொல்றா. அதே மண்ணுதானே எனக்கும்? என் தட்டு தெறிக்குதா?”

அடுத்த வாரம் ஹிலோலாவைப் பட்டறைக்குள் விடவில்லை. இலையுதிர் காலத்தில் கோக்கந்தில் ஒரு பேருந்து ஓட்டுநருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டான். வண்டி ஏறும்போது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

அவள் போன பிறகு ஒரு சூளை முழுக்க நான் கை வைக்கவில்லை. ஒரு தட்டுகூடத் தெறிக்கவில்லை. “பாத்தியா?” என்றேன். எர்மத் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அதன்பின் நான்கு மாதம் அவன் இந்தப் பக்கமே வரவில்லை. அந்தக் குளிர்காலம் எனக்கு மிகவும் நீளமாக இருந்தது. வசந்தத்தில் பழையபடி தொடங்கினேன். உங்கள் தட்டு அந்தக் களிமண்தான்.

போன மாதம் ஹிலோலாவிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. புருஷன் கட்டிக்கொடுத்த சூளையில் அவளே செய்த தட்டு. எர்மத் என் எதிரிலேயே சுண்டினான். அது ஒலித்து அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. கூடவே ஒரு சீட்டு: “அப்பா, வந்து மாதுளை வரைஞ்சு குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

இன்று காலை கிளம்பும்போது கேட்டான்.

“சோலி, உன்னைத் தனியா விட்டுட்டுப் போறேனேன்னு கோவமா?”

“போடா. மகளைப் பாரு போ. கோக்கந்து மண்ணு ஒரு மண்ணா? நம்ம ஊரு மண்ணு பன்னண்டு மூட்டை ஏத்தியிருக்கேன். என் சீரா வச்சுக்கச் சொல்லு.”

அவன் என்னைக் கட்டிக்கொண்டான். முதல் தடவையாக.

மூட்டைகளை நானே கட்டினேன். ஹிலோலாவின் சல்லடைக் கண் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அதைவிடச் சற்றுப் பொடியாகவே அரைத்துக் கலந்திருக்கிறேன். இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று. எர்மத் திரும்பி வந்துவிடுவான். கஷ்டம் என்று வந்தால் மனிதன் நண்பனிடம்தானே வருவான்.